மின்னல் மாடிக்குப் போன கதை

அவசரப் பிரிவில் அவளுக்கு மின்னல் என்று பேர். வீட்டில் காத்தாடி. இரண்டும் ஒரே பெண்ணின் பேர் என்று சொன்னால் இரண்டு இடத்திலும் நம்பமாட்டார்கள். விபத்தில் அடிபட்டவர்களை வரிசையாக இறக்கிப் போட்டாலும் யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுகிற நர்ஸ் அவள். புதிதாக வந்த டாக்டர்கள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்கும்போது, அவர்கள் கேட்பதற்கு முன்பே ஊசியும் குழாயும் அவள் கையில் தயாராக இருக்கும். அதே அவள் வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போவாள். துணிக்கு நடுவே பழைய புகைப்படம் ஒன்று அகப்படும். அதை மாட்ட ஆணி தேடுவாள். ஆணி இருக்கிற டப்பாவில் சட்டையிலிருந்து என்றோ அறுந்த பொத்தான் கிடக்கும். பால் தீய்ந்து வாசனை வரும்போது அவள் சாவதானமாகப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள்.

கணவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு நடுவே பகலெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குப் பொறுமைக்குக் குறைவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. "இவ சமையல்கட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிடணும்" என்பார், விருந்தாளிகள் முன்னால். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார், நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் வேடிக்கையாகச் சொல்கிற சொல்தான் ஆளை அதிகம் அறுக்கிறது.

இத்தனை வருஷமும் இப்படியே ஓடியது. அதன்பிறகு மருத்துவமனைக்காரர்கள் அவளுக்கு ஒரு நல்லது செய்தார்கள். அவளைத் தலைமை நர்ஸாக உயர்த்தி, மாடி வார்டுக்கு அனுப்பினார்கள்.

மாடி வார்டு என்பது அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் உடம்பு தேற்றிக்கொள்கிற இடம். நீளமான அறை, இரண்டு பக்கமும் வெளிர்ப் பச்சைத் திரைகள், நடுவில் ரப்பர் சக்கரம் வைத்த மருந்து வண்டி. சத்தம் என்று பார்த்தால் யாராவது இருமுவதுதான். கீழே அவசரப் பிரிவில் அவளுக்கு உட்கார நாற்காலி கிடையாது. இங்கே மேஜை, மேஜைக்குப் பின்னால் நாற்காலி, நாற்காலிக்கு மெத்தை. பதவி உயர்வு என்று கீழே இருந்தவர்கள் கேக் வெட்டினார்கள். "மின்னலக்கா, மாடிக்குப் போய்க் கொஞ்சம் கால் நீட்டி உட்காருங்க" என்று அவள் பழக்கிவிட்ட சின்ன நர்ஸுகள் வழியனுப்பினார்கள். அவளுக்கும் பெருமைதான். ஆனால் முதல் வாரத்திலேயே அந்த அமைதி அவளைத் தின்ன ஆரம்பித்தது. ஒரு வேலையைத் தொட்டால் இன்னொரு வேலை கூப்பிட்டது. மேஜையில் பாதி எழுதியவை குவிந்தன. பேனாவைத் தேடுவதற்காக எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் வார்டு நடுவே திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள்.

கீழே மருந்து கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. டாக்டர் உரக்கச் சொல்வார், நர்ஸ் அதைத் திருப்பிச் சொல்வாள், போட்டதும் "போட்டாச்சு" என்று கத்துவாள், பக்கத்தில் நிற்கிற இன்னொருத்தி எழுதுவாள். மாடியில் அப்படி இல்லை. ஊசியைச் சரிபார்க்க மட்டும் இன்னொருத்தி வருவாள். மற்றபடி போடுவதும் நீதான், கட்டில் தலைமாட்டில் தொங்குகிற தாளில் குறிப்பதும் நீதான். போட்ட கையோடு குறிக்க வேண்டும். நர்ஸ் வேலைக்கு வருகிறவளுக்கு முதலில் சொல்லித் தருகிற விஷயமே அதுதான்.

அன்று காலை, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு அவள் இன்சுலின் போட்டாள். பேனாவை எடுப்பதற்குள் எதிர்க் கட்டில்காரர் மணி அடித்தார். அவர் படுக்கையிலிருந்து இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார், ஓடினாள். அவரைச் சாய்த்து, தலையணையைச் சரிசெய்து, அவருடைய மகளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினாள். வாத்தியாரின் தாளில் குறி இல்லை. குறி இல்லையென்றால் போடவில்லை என்றுதானே அர்த்தம்? அவசரமாக இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டாள். முதல் ஊசியைச் சரிபார்த்தவள் அதற்குள் அறுவை அரங்குக்குப் போய்விட்டிருந்தாள், வந்தது வேறொருத்தி. அவளும் அளவைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், தலையாட்டினாள். வாத்தியாருக்கு மறுபடியும் இன்சுலின் போயிற்று.

வாத்தியார் மட்டும், "இப்பத்தானேம்மா போட்டே?" என்று கேட்டார். வலி மாத்திரை மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்து, "இல்லைங்க ஐயா, இப்பத்தான் போடறேன்" என்றாள் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு பிறகு அவளை நாள் கணக்கில் தூங்கவிடவில்லை.

சற்று நேரத்தில் அவர் நெற்றி வியர்த்தது. பேச்சு குழறியது. அதைக் கண்ட நொடியில் அவள் மறுபடியும் மின்னல் ஆனாள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தது, மேஜையைத் தாண்டி ஓடியது, குளுக்கோஸை நரம்பில் ஏற்றியது, டாக்டரை அழைத்தது எல்லாம் பார்த்தவர்களுக்கு ஒரே அசைவாகத் தெரிந்தது. வாத்தியார் பிழைத்தார். "எங்க ஐயாவைக் காப்பாத்துனீங்க" என்று அவருடைய மகன் கை கூப்பினான். வாத்தியார் கேட்டது சரிதான் என்று அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது, அவனை நிமிர்ந்து பார்க்காமல் நேராக நர்ஸுகளின் மேலதிகாரியான மேட்ரன் அறைக்குப் போனாள். "நான்தான் ரெண்டு தடவை போட்டேன்" என்றாள்.

மேட்ரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரப் பிரிவில் இத்தனை வருஷத்தில் ஒரு மருந்துகூட மாற்றிக் கொடுக்காதவள்! "நீங்களா?" என்றாள். "வேற யாராவது பண்ணதை உங்க தலையில போட்டுக்கறீங்களா?"

"நான்தான் மேடம். போட்டது எனக்கு ஞாபகமே இல்லை."

அதைச் சொல்லும்போதே அவளுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அவருக்கு இதே வயதில்தான் மறதி நோய் தொடங்கியது. முதலில் மூக்குக்கண்ணாடி, பிறகு வீட்டுக்கு வரும் வழி. கடைசியில் ஒரு நாள், சாதம் ஊட்டிக்கொண்டிருந்த இவளை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாரு பெத்த பொண்ணும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கிற முறை இப்போது அவளுக்கு வந்திருக்கிறது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள், அதற்குள் டாக்டர் ஒருவரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். அப்பாவின் நோய்தான் என்று தெரிந்தால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். நர்ஸ் வேலையைத் தவிர உலகத்தில் தனக்கு உருப்படியாகத் தெரிந்தது எதுவும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தீர்மானித்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்தாள்.

அவள் பார்க்கப் போன டாக்டரம்மா இவளைவிட இளையவள். ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள், படம் வரையச் சொன்னாள், எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மறுபடி போனபோது டாக்டரம்மா தாள்களை மூடி வைத்துவிட்டு, "உங்கப்பாவுக்கு வந்தது உங்களுக்கு இல்லை. ஞாபகசக்தி நல்லாவே இருக்கு" என்றாள்.

அவளுக்கு நிம்மதி வரவில்லை. கோபம்தான் வந்தது. "அப்ப நான் ஏன் அந்த மனுஷரைக் கொல்லப் பார்த்தேன்?"

"ஊசி போட்டது உங்க மனசுல பதியவே இல்லை. பதியாததை எப்படி மறக்க முடியும்? மணி அடிச்ச உடனே உங்க கவனம் அங்க போயிடுச்சு. ஒண்ணு கேக்கறேன். பள்ளிக்கூடத்துல உங்க ரிப்போர்ட்ல டீச்சருங்க என்ன எழுதுவாங்க?"

"புத்திசாலி, ஆனா கவனம் போதாதுன்னு."

"எல்லா வருஷமுமா?"

எல்லா வருஷமும்தான். டாக்டரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்றாள்.

நம் ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், நானும் நர்ஸ்தான். அது மேஜை மேல ஏறிக் குதிக்கிற பசங்களுக்கு வர்றது. எனக்கு என்ன வயசாச்சு தெரியுமா? நான் குதிக்கவா செய்றேன்?"

"உடம்பு குதிக்கலை. உள்ள?"

 உள்ளே ஒரு நிமிஷமும் ஓயாமல் ஏழெட்டு ரேடியோக்கள் ஒரே நேரத்தில் பாடுவது எல்லோருக்கும் இருப்பதுதான் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாள். மற்றவர்கள் அதைச் சமாளிக்கிறார்கள், தான் சோம்பேறி, அவ்வளவுதான் என்று.

டாக்டரம்மா சுருக்கமாகச் சொன்னாள். குதிக்கிற பையன்களைத்தான் பள்ளிக்கூடம் டாக்டரிடம் அனுப்புகிறது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற பெண்ணை யாரும் அனுப்புவதில்லை. அவளைத் திட்டுகிறார்கள், அவள் மறைக்கக் கற்றுக்கொள்கிறாள். மறைக்கிற வேலையிலேயே பாதி உயிர் போய்விடுகிறது. மாதவிடாய் நிற்கப்போகிற வயதில் உடம்பு மாறும்போது பலருக்கு இது இன்னும் முற்றித் தெரியும். போதாக்குறைக்கு, அவளைத் தாங்கிக்கொண்டிருந்த பரபரப்பைப் பிடுங்கிவிட்டு அமைதியான நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். மாத்திரை உண்டு, வேலையை அமைத்துக்கொள்கிற வழிகள் உண்டு. ஆனால் உறுதியாகச் சொல்வதற்கு முன், சின்ன வயதில் கூடவே இருந்து பார்த்தவர் யாராவது வந்து பேச வேண்டும்.

அம்மா இல்லை, அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அக்காதான் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள், பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். இஸ்திரி போட்ட சேலையில் ஒரு சுருக்கம் இராது. தங்கையைப் பற்றி டாக்டர் விசாரிக்கிறாராம் என்றதும், சாட்சிக் கூண்டில் ஏறுகிறவளைப்போல விறைப்பாக வந்து உட்கார்ந்தாள்.

"சின்ன வயசுல இவங்க பொருளையெல்லாம் தொலைப்பாங்களா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"சேச்சே, ஒண்ணும் தொலைச்சதில்லை. இவ ரொம்ப நல்ல பொண்ணு டாக்டர்."

"பள்ளிக்கூடப் பையை ஒழுங்கா அடுக்குவாங்களா?"

"அதை நான்தான் அடுக்குவேன்."

"வீட்டுப்பாடம்?"

"அது என்னன்னு அவ கிளாஸ் பொண்ணுங்ககிட்ட நான் கேட்டுட்டு வந்துடுவேன். உக்கார வெச்சா டக்குனு போட்டுடுவா. மூளைக்காரி."

"செருப்பு, குடை?"

"அதுக்குத்தான் ஒரு ஜோடி செருப்பை எப்பவும் என் பைக்குள்ள வெச்சிருப்பேனே." சொல்லிவிட்டு அக்கா நிறுத்தினாள். தன் வாயிலிருந்து என்ன வந்துகொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது போல இருந்தது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "எங்கம்மா அடிச்சிடுவாங்க, டாக்டர். இவளைத்தான். மறந்துட்டான்னா கை நீட்டிடுவாங்க. அதான் அம்மா பாக்கறதுக்கு முன்னாடி நான் பாத்துப்பேன்."

மின்னலுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. அடி வாங்கியது தெரியும். வாங்காமல் போன அடிகள் யார் தயவில் போயின என்று அவள் யோசித்ததில்லை. தான் சின்ன வயதில் அப்படியொன்றும் மோசமில்லை, பெரியவளான பிறகுதான் கெட்டுப்போனோம் என்றே நினைத்திருந்தாள்.

"எது வரைக்கும் இப்படிப் பாத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

அக்கா தங்கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். "இன்னிக்குக் காலைல வரைக்கும்."

தினமும் காலையில் அக்கா போன் செய்வாள். ஒன்றுமில்லாத பேச்சுதான். வானம் மூட்டமா இருக்கு, நீ எந்தப் பையை எடுத்துட்டுப் போறே, என் சாவியைக் காணோம், உன் சாவி எங்க மாட்டியிருக்கே, அடுப்புல ஏதோ கொதிக்கிற சத்தம் கேக்குதே. பாவம், தனியாக இருக்கிறாள், பேச ஆள் இல்லை என்று இவள் பொறுத்துக்கொண்டு பேசுவாள். சில நாள் அலுத்துக்கொண்டும் பேசியிருக்கிறாள். "அக்காவுக்கு நம்மை விட்டா யாரு?" என்று கணவரிடம் பெரிய மனதோடு சொல்லியும் இருக்கிறாள். அந்தப் பேச்சாலேயே அக்கா அவளை வேளைக்கு வீட்டைவிட்டுக் கிளப்பிக்கொண்டிருந்தாள்!

 மின்னலுக்கு வந்தது அவமானமா, கோபமா, அன்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு, வேறெதுவும் கேட்கத் தோன்றாமல், "மலைப் பள்ளிக்கூடத்து வேலையை நீ ஏன் விட்டுட்டு வந்தே?" என்று கேட்டாள். அக்காவுக்கு இளம் வயதில் தூரத்து மலையூர் ஒன்றில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

"குளிருதான்" என்றாள் அக்கா.

"அக்கா."

"நீ நர்ஸிங் பரீட்சைக்குத் தேதியைத் தப்பாப் பாத்துட்டு மறுநாள் போய் நின்னியே. லெட்டர்ல அதைப் படிச்சேன். அடுத்த பரீட்சைக்கு யார் உன்னைக் கிளப்பி அனுப்பறது?" அக்கா மெதுவாகச் சொன்னாள். "அந்த ஊர் எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு."

டாக்டரம்மா மூக்கை உறிஞ்சக்கூட மறந்துவிட்டாள்.

விசாரணை, பெரிய டாக்டரின் அறையில். பக்கத்தில் மேட்ரன். பெரிய டாக்டர் நல்ல வார்த்தையாகவே ஆரம்பித்தார். வாத்தியார் தேறி வீட்டுக்குப் போய்விட்டார், குடும்பத்தாரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, அவர்கள் புகார் கொடுக்கவில்லை. "தொடர்ந்து டூட்டி பார்த்த அசதின்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. எச்சரிக்கையோட விட்டுடறோம். தலைமை நர்ஸாவே மாடிக்குப் போகலாம். இனிமே இப்படி நடக்காதுன்னு மட்டும் உறுதி சொல்லுங்க."

பேனாவை நீட்டினார். எழுதியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். பேனாவை வாங்குவதா வேண்டாமா என்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் கண் முன்னால் தெரிந்தது வார்டு இல்லை, வாத்தியார்கூட இல்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொல்லப்போகிற ஒரு இளம்பெண், பெட்டியோடு மலையிறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"உறுதி சொல்ல முடியாது சார்" என்றாள். "அசதி இல்லை. என்னை அங்கயே வெச்சிருந்தா மறுபடியும் நடக்கும்."

மேட்ரன் அதிர்ந்துபோய் அவள் முழங்கையைப் பிடித்தாள். "என்ன பேசறீங்க நீங்க?"

அவள் சொன்னாள். நோயின் பேரைச் சொன்னாள், பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்றாள், மாத்திரை ஆரம்பித்திருப்பதைச் சொன்னாள். தன்னைக் கீழே அவசரப் பிரிவுக்குச் சாதாரண நர்ஸாகவே திருப்பி அனுப்பும்படி கேட்டாள். மருந்து எடுக்கும்போது தன்னை யாரும் கூப்பிடக் கூடாது, போட்டதைப் பக்கத்தில் நின்று ஒருத்தி எழுத வேண்டும் என்றாள்.  வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் எதையும் மறைக்காமல் பேசிக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். பதவியை இறக்கச் சொல்லிக் கேட்ட ஆளை அவர் பார்த்ததில்லை. "இப்படி ஒரு குறை இருக்கறவங்களை அவசரப் பிரிவுல எப்படிம்மா வைக்கறது?"

 உண்மையைச் சொன்னால் இருக்கிறதும் போகும் என்று அவள் யோசித்திருக்கவே இல்லை.  பதில் மேட்ரனிடமிருந்து வந்தது, சற்றுக் காரமாகவே. "இவ்வளவு வருஷமும் அங்கதானே சார் வெச்சிருந்தோம்? அப்ப மட்டும் அந்தக் குறை எங்க போயிருந்துச்சு?"

பெரிய டாக்டர் யோசித்தார். பிறகு ஒப்புக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து அவசரப் பிரிவு. அவள் பழக்கிவிட்ட சின்ன நர்ஸ் ஒருத்திக்குக் கீழே வேலை.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் அக்கா காத்திருந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாங்க?"

"வேலை இருக்கு. பதவி இல்லை. கீழ போறேன்."

"ஐயையோ! கெஞ்சிப் பாத்தியா? நான் வேணும்னா உள்ள போய்ப் பேசட்டுமா?" அக்கா எழுந்தே விட்டாள்.

"நான்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன். உக்காரு." அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். சொல்ல வேண்டியதை அறையிலிருந்து வரும்போதே மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள், அது இப்போது ஒரேயடியாக வந்தது. "உள்ள எல்லாத்தையும் சொல்லிட்டேன். மாத்திரை இருக்கு, கூட நிக்க ஆள் போடறாங்க, அலாரம் வெச்சுக்கறேன். வீட்டுல அவரும் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. எனக்காக நீ பட்டதெல்லாம் போதும்க்கா. இனிமே நீ எனக்காக ஓட வேண்டாம்."

அக்கா சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா அசையவில்லை. யாரோ அறைந்ததுபோல அவள் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. தலை நரைத்த அந்தப் பெண்பிள்ளை தங்கையை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நான் என்ன பண்றது?" என்று கேட்டாள்.

எந்த அவசரத்துக்கும் கை தயாராக வைத்திருக்கிற மின்னலுக்கு அந்தக் கேள்விக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.